மூன்று பயணங்களும் ஓர் ‘உலகப் பயண அடாப்டரும்’

காத்தான்குடி பிரதான வீதியில் உள்ள ஒரு மின்சாதனக் கடையில், ‘உலகப் பயண அடாப்டர்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு பொருளை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒன்றரை வருடத்துக்குள் அது என்னோடு சென்னைக்கும், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகருக்கும், கனடாவின் ரொறன்ரோவுக்கும் வந்து திரும்பிவிட்டது. பயணச் சீட்டுக்கும் விசாவுக்கும் காப்புறுதிக்கும் இலட்சக்கணக்கில் செலவழித்துப் புறப்படுகிற நாங்கள், இந்தச் சிறிய பொருளை மட்டும் புறப்படுவதற்கு முதல் நாள் மாலையில் அவசரமாக வாங்கிப் பையின் ஓரத்தில் திணித்துக்கொண்டு போகிறோம். அதனால் ஏற்படக்கூடிய சேதம் பொருளின் விலையை விடப் பல மடங்கு பெரியது என்பதை மூன்றாவது பயணத்தில்தான் உணர்ந்தேன். எங்கள் பகுதியிலிருந்து பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பலர் இருப்பதால், அந்த அனுபவத்தை விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

கடைக்காரக் காக்கா (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) நேர்மையானவர். பதினைந்து வருடமாக அவரிடம் சாமான் வாங்குகிறேன். “இத எந்த நாட்டிலயும் போடலாம் டீச்சர், ஒண்டுக்கும் யோசிக்கத் தேவல்ல” என்று சொல்லித்தான் தந்தார். எந்த நாட்டிலும் போடலாம் என்பது பெருமளவுக்கு உண்மையாகவே இருந்தது. யோசிக்கத் தேவையில்லை என்ற இரண்டாவது பாதிதான் பிழையானது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைக்குள் அடங்கும் கறுப்பு நிறக் கட்டி அது. முன்முகத்தில் எல்லா வகைப் பிளக்குகளையும் ஏற்கக்கூடிய துவாரங்கள் இருக்கின்றன. பக்கவாட்டில் உள்ள தள்ளுபொத்தான்களில் ஒன்றைத் தள்ளினால் எங்கள் 13 அம்பியர் பிளக்கின் சதுர முள்கள் வெளியே வரும். இன்னொன்றைத் தள்ளினால் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரிய இரண்டு தட்டை முள்கள் வரும், அவற்றையே சரித்துத் திருப்பினால் அவுஸ்திரேலியாவுக்குப் பொருந்தும். மூன்றாவதைத் தள்ளினால் ஐரோப்பாவுக்கான இரண்டு உருண்டை முள்கள் வரும். அடிப்பகுதியில் இரண்டு சாதாரண யூஎஸ்பி துவாரங்களும் ஒரு யூஎஸ்பி-சி துவாரமும் உள்ளன. ஒரு சிறு மூடிக்குள் 6 அம்பியர் உருகியும் (பியூஸ்), அது எரிந்தால் மாற்றிப் போட இன்னொன்றும் வைத்திருக்கிறார்கள். ஒரு வகை முள் வெளியே நீட்டியிருக்கும்போது மற்ற முள்கள் வெளியே வராதபடி உள்ளே பூட்டு இருக்கிறது. இந்த விலைக்கு இவ்வளவு ஒழுங்கான வேலைப்பாட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் பாடசாலையில் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறவள் என்பதால், வாங்கிய அன்றே மின்னை அளக்கும் பன்மானியை எடுத்து அதைச் சோதித்துப் பார்த்தேன். மின்னைக் கொண்டுவரும் உயிர்க்கம்பிக்கும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நொதுமற் கம்பிக்கும் உரிய பாதைகள் சரியாகத் தொடர்ந்தன. புவிக்கம்பிக்கு (எர்த்) உரிய துவாரத்தில் உலோகமே இல்லை. எங்கள் மூன்று முள் பிளக்கின் நீண்ட முள் போய் நிற்பதற்கு ஒரு குழி வைத்திருக்கிறார்களே தவிர, அந்தக் குழியிலிருந்து சுவருக்கு எந்த இணைப்பும் கிடையாது. அடாப்டரிலிருந்து வெளியே வரும் 13 அம்பியர் முள்களில் மேலே உள்ள நீண்ட முள்ளும் வெறும் பிளாஸ்டிக்தான். சுவர்க் குதையின், அதாவது பிளக்கைச் செருகும் சொக்கெற்றின், உள்மூடியைத் திறப்பதற்கு மட்டுமே அது பயன்படுகிறது.

இதனால் எல்லாப் பொருளுக்கும் ஆபத்து என்று கொள்ளத் தேவையில்லை. கைத்தொலைபேசிச் சார்ஜரின் அடியில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த அடையாளம் இருக்கும். அது இரட்டைக் காவலிடப்பட்டது, அதாவது மின் வெளியே வராதபடி இரண்டு அடுக்கு மறைப்பு உள்ளது என்று பொருள். அத்தகைய பொருளுக்குப் புவித்தொடுப்பு தேவைப்படாது. உலோக உடல் கொண்ட மின்அழுத்தி (அயன்), கேத்தல், சோறு சமைக்கும் குக்கர் ஆகியவை வேறு. உள்ளே கம்பி கழன்று உடலில் பட்டால், மின்னைப் பாதுகாப்பாகப் புவிக்குக் கொண்டுபோவது அந்த மூன்றாவது கம்பிதான். இந்த அடாப்டரில் அப்படியான பொருளைச் செருகினால் அது வேலை செய்யும், ஆனால் காவல் இல்லாமல் வேலை செய்யும். பெட்டியிலோ உள்ளே இருந்த தாளிலோ இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் மதிப்பீட்டில் இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை இதுவே.

முதற் பயணம் சென்னைக்கு. மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போய்த் தியாகராய நகரில் ஒரு விடுதியில் தங்கினோம். இந்தியாவிலும் எங்களைப் போலவே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம்தான். ஆனால் குதை வேறு. அங்கே உருண்டை முள். அடாப்டரில் இந்தியாவுக்கென்று தனி முள் கிடையாது, ஐரோப்பிய முள்ளையே பயன்படுத்தும்படி தாளில் எழுதியிருந்தது. ஐரோப்பாவின் மெல்லிய முள் 4 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. இந்தியாவின் சிறிய உருண்டை முள் பிளக்கில் உயிர், நொதுமல் முள்கள் 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடியவை. ஆகவே அடாப்டர் உள்ளே போனது, ஆனால் பிடித்து நிற்கவில்லை. கையை எடுத்தால் மெல்லச் சாய்ந்தது. சாயும்போது உள்ளே ‘சிர்’ என்று ஓர் ஒலி கேட்டது. ஒரு மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது முள் இருந்த பக்கம் நன்றாகச் சுட்டது. தொடுகை சரியாக இல்லாத இடத்தில் தடை கூடும், தடை கூடிய இடத்தில் வெப்பம் பிறக்கும் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதை என் கையே உணர்ந்தபோது உடனே கழற்றி வைத்துவிட்டேன்.

விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த தம்பி, தடித்த உருண்டை முள்களின் மேல் 13 அம்பியர் துவாரங்கள் கொண்ட ஒரு சாதாரண வெள்ளைக் கட்டியைத் தந்தார். அது குதைக்குள் இறுக்கமாக நின்றது. அதைக் கையில் வாங்கியபோதுதான், இதே பொருள் ஆரையம்பதியில் அம்மாவின் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது என்ற நினைவு வந்தது. எங்கள் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் உருண்டை முள் குதைகள் இருக்கின்றன. அவை இந்தியாவில் உள்ள அதே பழைய பிரித்தானிய நியமத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் 13 அம்பியர் சதுர முள்ளே ஒரே தேசிய நியமம் என்ற தீர்மானம் 2016 ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன்னர் இரண்டு வகையையும் சமாளிப்பதற்காக நாங்கள் வாங்கிய அந்தக் கட்டிதான் சென்னைக்குப் போகிறவருக்கு மிகச் சிறந்த பயண அடாப்டர். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய வீட்டின் அலுமாரியைத் திறந்து பார்த்தாலே போதும்.

இரண்டாவது பயணம் பேர்ணில் உள்ள அக்காவிடம். ஐரோப்பா என்றால் இரண்டு உருண்டை முள், அது என்னிடம் இருக்கிறது என்ற நிம்மதியோடு போனேன். சுவிஸ் வீடுகளின் குதையைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பா முழுவதும் ஒன்றல்ல என்பது விளங்கியது. அங்கே குதை சுவரில் ஆறு பக்க வடிவத்தில் ஒரு சிறு பள்ளமாக உள்ளே இறங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் மூன்று துவாரங்கள் இருக்கின்றன, புவிக்குரியது நடுவிலிருந்து சற்று விலகி நிற்கிறது. தொலைபேசிச் சார்ஜரின் தட்டையான உடலும் இரண்டு உருண்டை முள்ளும் கொண்ட ஐரோப்பியப் பிளக் அந்தப் பள்ளத்துக்குள் அளவாக இறங்கிவிடும். என் அடாப்டரோ அகலமான கட்டி. முள் துவாரத்தை எட்டும் முன்னரே கட்டியின் விளிம்பு பள்ளத்தின் விளிம்பில் முட்டி நின்றது. எவ்வளவு அழுத்தினாலும் பயன் இல்லை. ‘150 நாடுகளுக்கு மேல்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தவர்கள் அந்தப் பட்டியலில் சுவிற்சர்லாந்தின் கொடியையும் போட்டிருந்தார்கள்.

“அதக் கழட்டி வை தங்கச்சி, ரெண்டு முள்ளுச் சார்ஜர் எல்லாம் இஞ்ச நேரா ஏறும்” என்று சொல்லி, அக்கா தன் சமையலறை லாச்சியிலிருந்து ஒரு சுவிஸ் அடாப்டரை எடுத்துத் தந்தார். மூன்று வாரமும் அதைத்தான் பயன்படுத்தினேன். சுவிஸுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜேர்மனியிலும் பிரான்சிலும் பயன்படும் உருண்டையான பெரிய பிளக்கின் முள் 4.8 மில்லிமீற்றர் தடிப்பானது. அது சுவிஸ் குதையின் சிறிய துவாரத்துக்குள் போகாது. பாரிசில் மச்சாள் வீட்டில் ஒரு வாரம் நின்றுவிட்டு அங்கே வாங்கிய அடாப்டரோடு பேர்ணுக்கு ரயிலில் வருகிறவர், அங்கேயும் இன்னொன்றைத் தேட வேண்டிவரும்.

சுவிஸ் பயணத்தில் எனக்குத் திருப்தி தந்த ஒரு விடயமும் இருக்கிறது. அக்கா கேட்டதற்காக மட்டக்களப்பில் இருந்து 750 வாட் மிக்சி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். சுவிற்சர்லாந்திலும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதால் மிக்சிக்கு மின்சாரத்தில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. 750 வாட்டை 230 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.3 அம்பியர், சாதாரண சுவிஸ் குதை 10 அம்பியர் தாங்கும். அத்தான் கடையில் ஒரு மூன்று முள் சுவிஸ் பிளக்கை வாங்கிவந்து, எங்கள் பிளக்கைக் கழற்றிவிட்டு வயரின் நுனியில் அதைப் பூட்டினார். புவிக்கம்பியும் அதன் இடத்தில் சரியாக இணைந்துவிட்டது. வருடக்கணக்கில் ஒரே நாட்டில் இருக்கப்போகும் பொருளுக்கு அடாப்டர் வேண்டாம், பிளக்கையே மாற்றிவிட வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது பயணம் ரொறன்ரோவில் உள்ள தம்பியிடம், அம்மாவையும் கூட்டிப்போனேன். இந்த மதிப்புரையை எழுதவைத்ததே அந்தப் பயணம்தான். கனடாவில் வீடுகளுக்கு வருவது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அடாப்டரின் தட்டை முள்கள் அங்கே பொருந்தின. தொலைபேசியும் மடிக்கணினியும் நன்றாகச் சார்ஜ் ஏறின. அவற்றின் சார்ஜரில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை, 50 அல்லது 60 ஹேர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரி இருந்தால் உலகத்தில் எந்த வீட்டு மின்சாரத்திலும் அந்தச் சார்ஜர் வேலை செய்யும். முள்ளின் வடிவம் பொருந்துவது மட்டுமே பிரச்சினை.

அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது. மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் இயந்திரத்தை மட்டக்களப்பிலிருந்து கவனமாகத் துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுபோயிருந்தோம். வந்த மூன்றாம் நாள் இரவு குளிர்காற்று ஒத்துக்கொள்ளாமல் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. இயந்திரத்தை அடாப்டரில் செருகினேன். ஒரு மெல்லிய முனகல் மட்டும் கேட்டது, புகை வரவில்லை. முகமூடியைத் திருப்பிப் பார்த்தேன், குழாயைக் கழற்றிப் பூட்டினேன், மருந்தை மாற்றினேன். இயந்திரத்தின் அடியைத் திருப்பி 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்ற எழுத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுகிறது, மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை. இயந்திரத்துக்குத் தேவையான அழுத்தத்தின் பாதியளவே அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் பையில் மூச்சோடு மருந்தை இழுக்கும் பம்ப் இருந்ததால் அந்த இரவைக் கடந்தோம். மறுநாள் காலையில் தம்பி மருந்துக் கடையொன்றில் 120 வோல்ட்டில் இயங்கும் நெபுலைசரை வாங்கிவந்தான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வோல்ட் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பொருந்துகிற பிளக்கைக் கண்டதும் மனம் அமைதியாகிவிடுகிறது. மேலே எதையும் பார்க்கத் தோன்றுவதில்லை. இந்த வகை அடாப்டர்களின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முள் பொருந்தாமல் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். எல்லாவற்றையும் பொருந்தவைப்பதால், யோசிக்க வேண்டிய அந்தக் கணத்தை அது எங்களிடமிருந்து எடுத்துவிடுகிறது. ‘இது அழுத்தத்தை மாற்றாது’ என்ற ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியில் அச்சிட வைத்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

வெப்பமூட்டும் பொருள்களின் நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். தடை மாறாதிருக்கும்போது வலு (வாட்), அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எங்கள் 1,000 வாட் கேத்தலைக் கனடாவில் செருகினால் 120ஐ 230 ஆல் வகுத்து வர்க்கித்த அளவு, அதாவது ஏறத்தாழ 270 வாட்தான் கிடைக்கும். தண்ணீர் கொதிக்க நான்கு மடங்கு நேரமாவது காத்திருக்க வேண்டும். இது தொல்லை மட்டுமே, ஆபத்து அல்ல. இதன் மறுபக்கம் ஆபத்தானது. கனடாவில் இருக்கும் பிள்ளைகள் ஆசையாக வாங்கி அனுப்பும் 120 வோல்ட் குக்கரையோ கோப்பி இயந்திரத்தையோ மட்டக்களப்பின் கல்லடியில் இந்த அடாப்டர் மூலம் செருகினால், அது வடிவமைக்கப்பட்ட வலுவைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் இழுக்கும். பொருள் சில நிமிடங்களில் எரியலாம். உருகி அதைத் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. அப்படியான பொருளுக்கு வேண்டியது அழுத்தத்தைக் குறைக்கும் நிலைமாற்றி (டிரான்ஸ்போமர்), அதுவும் பொருளின் வாட்டுக்குப் போதிய அளவுடையது. அது பாரமானது, விலையும் கூடியது. பெரும்பாலான வீட்டுச் சாமான்களுக்கு, போகிற நாட்டிலேயே புதிதாக ஒன்றை வாங்குவது அதைவிட மலிவு.

ரொறன்ரோவில் இன்னொரு சிறு தொல்லையும் இருந்தது. அங்கே குதைக்குப் பக்கத்தில் எங்களைப் போல் சுவிட்ச் கிடையாது. செருகியவுடன் மின் வந்துவிடும். பழைய வீடுகளில் தட்டை முள் குதைகள் தேய்ந்து தளர்ந்திருக்கின்றன. அடாப்டரின் பாரமும் அதன் மேல் செருகிய சார்ஜரின் பாரமும் சேர்ந்து அதைக் கீழே இழுத்தன. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் அடாப்டர் தரையில் கிடக்கும்.

யூஎஸ்பி துவாரங்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மூன்று துவாரங்களுக்கும் சேர்த்து 5 வோல்ட்டில் 3 அம்பியர், அதாவது 15 வாட்தான் வெளிவருகிறது. மூன்று தொலைபேசிகளைச் செருகினால் ஒன்றுக்கு 5 வாட். 5,000 மில்லியம்பியர் மணி மின்கலம் ஏறத்தாழ 19 வாட் மணி சக்தி கொள்ளும் என்பதால், இழப்பையும் சேர்த்தால் நிரம்ப நான்கைந்து மணித்தியாலம் ஆகும். மடிக்கணினிக்கு இது எந்த விதத்திலும் போதாது. ஒருவர் ஒரு தொலைபேசியோடு பயணம் செய்தால் குறை சொல்ல மாட்டேன்.

கனடாவிலிருந்து திரும்பிய பிறகு, மட்டக்களப்பு திருகோணமலை வீதியில் 8,900 ரூபாய்க்கு ஒரு 65 வாட் சார்ஜரை வாங்கினேன். சிலிக்கனுக்குப் பதிலாகக் காலியம் நைத்திரைட்டு என்ற சேர்வையைக் கொண்ட குறைகடத்திகள் உள்ளே இருப்பதால் வெப்பம் குறைவாகவும், அளவு இரண்டு தீப்பெட்டிகளின் பருமனுக்குச் சற்றுக் கூடியதாகவும் இருக்கிறது. இரண்டு யூஎஸ்பி-சி துவாரங்களும் ஒரு பழைய யூஎஸ்பி துவாரமும் உண்டு. ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் 65 வாட் முழுவதும் மடிக்கணினிக்குப் போகிறது. தொலைபேசியையும் சேர்த்தால் 45 வாட்டும் 20 வாட்டுமாகப் பிரிந்துகொள்கிறது. சார்ஜரும் பொருளும் தமக்குள் பேசி 5 வோல்ட் தொடக்கம் 20 வோல்ட் வரை வேண்டிய அழுத்தத்தைத் தீர்மானித்துக்கொள்வதால், சிறிய பொருளுக்கு அதிக அழுத்தம் போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. வயரைத்தான் கவனிக்க வேண்டும்: சாதாரண யூஎஸ்பி-சி வயர் 3 அம்பியர் வரைக்கும் உரியது, ஆகவே 60 வாட் வரை கொண்டுபோகும், அதற்கு மேல் வேண்டுமானால் 5 அம்பியர் என்று குறித்த வயர் தேவை. கைத்தொலைபேசிகளுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒரே வயரோடு குடும்பம் முழுவதும் பயணம் செய்வது எளிதாகிவிட்டது.

இந்தச் சார்ஜரை வாங்கும்போது நான் தேடிய அம்சம் ஒன்று உண்டு. முள் சார்ஜரோடு ஒட்டியிருக்கக் கூடாது. 8 என்ற எண்ணின் வடிவத்தில் உள்ள துவாரத்தில் தனி வயர் செருகுவதாக இருக்க வேண்டும். சுவிஸுக்குப் போனால் சுவிஸ் வயர், கனடாவுக்குப் போனால் கனடா வயர். சுவரிலிருந்து சார்ஜர் வரை ஒரே துண்டு, இடையில் தளர்கிற தொடுகை எதுவும் இல்லை. மடிக்கணினியின் சார்ஜரிலும் சுவர்ப் பக்க வயர் பெரும்பாலும் கழன்றுவரக்கூடியது. மூன்று இலை வடிவத்தில் உள்ள அந்த வயரில் புவிக்கம்பியும் சேர்ந்தே வருகிறது. போகிற நாட்டில் உறவினர் வீட்டு லாச்சியில் பழைய மடிக்கணினி வயர் ஒன்று கட்டாயம் கிடக்கும். தம்பி வீட்டில் அப்படி நான்கு கிடந்தன. என் மடிக்கணினிக்கு ஒரு மாதம் முழுவதும் அடாப்டரே தேவைப்பட்டிருக்காது என்பதை, திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் அறிந்தேன்.

மத்திய கிழக்குக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம், குவைத், ஓமான், பஹ்ரேன் ஆகிய நாடுகளில் எங்கள் 13 அம்பியர் பிளக்தான்; சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரித்தானியாவிலும் அதுவே. அங்கே போகிறவர் அடாப்டருக்காக ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். சவூதிக்கு உம்ராவுக்குப் போகிறவர்கள் மட்டும், 127 வோல்ட் வழக்கத்தில் இருந்த நாடு அது என்பதால், பழைய கட்டடங்களில் குதையின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செருகுவது நல்லது.

ஆனால் 13 அம்பியர் குதை உள்ள எல்லா நாட்டிலும் எங்கள் ஆட்கள் செய்கிற ஒரு செயலைக் கைவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். இரண்டு உருண்டை முள் சார்ஜர் நேரே போகாதபோது, பேனாவையோ ஈர்க்கையோ மேல் துவாரத்தில் குத்தி உள்மூடியைத் திறந்து, சார்ஜரைத் திணித்துவிடுகிறோம். என் வகுப்பு மாணவர்களின் வீடுகளிலும் இது நடக்கிறது. அந்த உள்மூடி சிறு பிள்ளைகளின் விரலையும் கம்பியையும் உள்ளே விடாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்டது. 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் உருகியின் காவலும் இதனால் இல்லாமல் போகிறது. சதுரத் துவாரத்துக்குள் உருண்டை முள் தளர்ந்து நின்று, சென்னையில் நான் கண்ட அதே சூட்டை உண்டாக்குகிறது. கடையில் கிடைக்கும் உருகியுள்ள சிறிய கட்டி ஒன்று இந்த வேலையைச் சரியாகச் செய்யும்.

கையில் கொண்டுபோகும் பவர் பேங்கைப் பற்றியும் ஒரு விளக்கம் அவசியம். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு முழுவதும் பஸ்ஸில் போய், அதன் பிறகு இரண்டு விமானம் ஏறுகிற எங்களுக்கு அது இல்லாமல் முடியாது. 2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பவர் பேங்குகள் பல வீடுகளில் இருக்கின்றன. விமானத்தில் அதைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம்; பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது. அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய பொதுவான எல்லை 100 வாட் மணி. 20,000 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 74 வாட் மணி வரும், தடையில்லை. எழுத்துகள் தேய்ந்து அளவு தெரியாத பவர் பேங்கைச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். கொண்டுபோகலாம் என்பதற்காக விமானத்துக்குள் பயன்படுத்தலாம் என்றும் எண்ணக் கூடாது: எமிரேட்ஸ் விமானங்களில் 2025 ஒக்டோபர் 1 முதல் பவர் பேங்கை விமானத்துக்குள் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ அனுமதியில்லை. பஸ்ஸில் வரும்போதே தொலைபேசியை நிரப்பிவிடுவது நல்லது.

அந்த அடாப்டருக்கு ஐந்தில் இரண்டு என்ற மதிப்பையே என்னால் கொடுக்க முடியும். வேலைப்பாட்டுக்கும் உருகிக்கும் பூட்டுக்கும் அந்த இரண்டு. புவித்தொடுப்பு இல்லாததை மறைத்ததற்கும், பொருந்தாத நாட்டின் கொடியைப் பெட்டியில் போட்டதற்கும், அழுத்தத்தைப் பற்றி வாய் திறக்காததற்கும் மீதி மூன்றைக் கழித்திருக்கிறேன். பல நாடுகளுக்கு அடுத்தடுத்துப் போய், தொலைபேசியை மட்டும் சார்ஜ் செய்கிறவருக்கு அது பயன்படலாம். ஒரே நாட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு, அந்த நாட்டுக்குரிய ஒரு வயரும் ஒரு நல்ல சார்ஜரும் போதும். காக்காவிடமும் இதையெல்லாம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இனிக் கேட்டு வாறவங்களுக்கிட்ட எந்த நாடு, என்ன சாமான் எண்டு கேட்டிட்டுத்தான் குடுப்பன் டீச்சர்” என்றார். போன மாதம் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் சுவிஸ், கனடா வயர்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

அடாப்டர் இப்போது எங்கள் விறாந்தைச் சுவரில் நிரந்தரமாக இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கு வந்திருந்த அக்கா, தன் சுவிஸ் சார்ஜரை எங்கே செருகுவது என்று கேட்டபோது அதை எடுத்துக் கொடுத்தேன். 13 அம்பியர் முள் எங்கள் குதைக்குள் அசையாமல் இறுகி நின்றது, சுவிஸ் முள் அதன் முகத்தில் அளவாகப் பொருந்தியது, இரவு முழுவதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் சூடு இல்லை.